பதினோரு பக்கக் குறிப்பு

சீட் சரியாக இருந்தது. அதுதான் முதல் கோளாறு.

பதினான்கு மாதம் கழித்துக் கப்பலிலிருந்து இறங்கி, துறைமுக வாசலில் நிற்கும் சொந்தக் காரில் டிரைவர் பக்கம் ஏறினால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்க வேண்டும். அவன் ஆறடி. மனைவி அவன் தோளுக்கு ஒரு சாண் கீழே. அவள் ஓட்டிவந்த காரில் சீட் முன்னால் தள்ளித்தான் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் இடித்துக்கொள்வான், "உங்கம்மா எப்பத்தான் வளருவாளோ" என்று பின்சீட்டைப் பார்த்துச் சொல்வான், அவள் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவாள். அந்தக் கிள்ளு விழுந்தால்தான் ஊருக்கு வந்தாயிற்று என்று கணக்கு. இன்றைக்கு முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியைக்கூடத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. போதாக்குறைக்குக் காருக்குள் அவனுடைய ஷேவிங் சோப்பு வாசனை அடித்தது. அந்தச் சோப்போ அவன் பைக்குள், பிளாஸ்டிக் உறைக்குள், டிக்கியில் இருந்தது.

"யாராவது வண்டியை எடுத்தாங்களா?" என்று கேட்டான்.

"மெக்கானிக் எடுத்திருப்பான். கிளம்புங்க" என்றாள்.

சாவியைத் திருப்புமுன் ஹாரனை இரண்டு தடவை அடித்தான். அது அவன் வழக்கம். பின்சீட்டில் பெரியவளும் சின்னவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு.

"நேத்தும் இப்படித்தான் அடிச்சீங்க" என்றான் சின்னவன்.

நேற்று அவன் கரையிலிருந்து நூறு மைல் தள்ளி, ஒரு பம்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான்.

கப்பலில் அவனை ஃபிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின் அறையில் எது ஒழுகினாலும், எது கிறீச்சிட்டாலும், எது உதறினாலும் அவன் பொறுப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. கப்பலில் ஒரு சட்டம் உண்டு. உன் இடத்துக்கு ரிலீவர் வந்து ஏறாமல் நீ இறங்க முடியாது. வருகிறவனுக்குக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும்: எந்த வால்வு முரண்டு பிடிக்கும், எந்த மோட்டாரைத் தட்டினால் ஓடும், சமையல்காரனிடம் எதைக் கேட்கக்கூடாது. ஃபிட்டர் எழுதும் குறிப்புக்குக் கப்பல் கம்பெனியில் தனி மரியாதை. அதைப் படித்துவிட்டு ஒரு தையற்காரன்கூட இன்ஜினை ஓட்டலாம் என்பார்கள்.

நாலு மாதம் முன்பு மனைவி போனில் கேட்டிருந்தாள். "பசங்க உங்களை மறந்துடுவாங்க போலிருக்கு. உங்களைப் பத்தி எழுதி அனுப்புங்களேன். எப்படிச் சிரிப்பீங்க, எப்படி எழுப்புவீங்க, எல்லாம். உங்க கப்பல் குறிப்பு மாதிரி."

மனிதன் நெகிழ்ந்துபோனான். இரண்டு இரவு உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதி அனுப்பினான். சிரிப்பு மூக்கில் ஒரு உறுமலோடு தொடங்கும் என்பது இரண்டாம் பக்கம். ஹாரன் மூன்றாம் பக்கம். வீட்டு அடுப்படிக் குழாய் இடப்பக்கம் திருப்பினால்தான் மூடும் என்பது நாலாம் பக்கம். உலகத்துக் குழாய்கள் எல்லாம் வலப்பக்கம் மூட, அது மட்டும் ஃபிட்டர் தன் கையால் மாட்டிய லட்சணம்.

அவன் சட்டைப்பையில் வேறொரு காகிதமும் இருந்தது. ஆறு வாரத்தில் மறுபடி கப்பல் ஏறுவதாகப் போட்ட கையெழுத்து. "இதுதான் கடைசி" என்று போன தடவையே சத்தியம் செய்திருந்தான். வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது மெல்ல அவிழ்க்கலாம் என்று வைத்திருந்தான்.

பாதி வழியில் சின்னவன், "பார்க்" என்றான். கத்தவில்லை. பஸ் கண்டக்டர் நிறுத்தத்தைச் சொல்வதுபோல் சொன்னான்.

சாலையோரம் ஒரு பெரிய ராட்டினம், சுற்றாமல், மாலை வெயிலில் நின்றது. வேலை நாள். வண்டி நிறுத்துமிடத்தில் ஏழெட்டுக் கார்கள்.

"வீட்டுக்குப் போயிடலாமே. முதுகு விட்டுப்போச்சு" என்றான் ஃபிட்டர்.

"ஒரு மணி நேரம். பசங்க ஆசைப்படறாங்க" என்றாள் மனைவி. பசங்க ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிக்கெட் கொடுக்கிற அம்மாள் யாரையும் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. மூன்று மஞ்சள் பட்டை, ஒரு வெள்ளைப் பட்டை எடுத்து வைத்தாள். மஞ்சள்கள் பிள்ளைகள் மணிக்கட்டிலும் மனைவி மணிக்கட்டிலும் ஏறின. வெள்ளையை அவளே ஃபிட்டர் கையில் சுற்றி, ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். நுழையவில்லை. தலையாட்டிக்கொண்டாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். ஏறும்போதும் இறங்கும்போதும் தாள் நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. போட்டது.

"எனக்கு மட்டும் ஏம்மா வெள்ளை?"

"தனித்தனியாப் பார்த்துக்கறதுக்கு சார்" என்றாள் அவள், அடுத்த ஆளைப் பார்த்தபடி. அடுத்த ஆள் யாரும் இல்லை.

உள்ளே பாப்கார்ன் தீய்ந்த வாசனையும், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாசனையும், அவற்றுக்கு அடியில், நன்றாக மூச்சை இழுத்தால் மட்டும் பிடிபடுகிற மாதிரி, கப்பலின் அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரின் வாசனையும் அடித்தன. எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஓடியது. நாலாவது அடி முடிவதற்குள் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பிள்ளைகள் எதிலும் ஏறக் கேட்கவில்லை. நேரே நடந்தார்கள். எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குப்பை பெருக்கிக்கொண்டிருந்த ஒருத்தி ஃபிட்டரைப் பார்த்துத் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"என்ன சார், வெளியில சுத்திக்கிட்டிருக்கீங்க? ஆறு மணிக்குத்தானே?"

"என்ன ஆறு மணிக்கு?"

அவள் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஓ, அவரா நீங்க" என்று சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த தரையை அவசரமாகப் பெருக்கத் தொடங்கினாள்.

ஃபிட்டர் மனைவியைப் பிடித்து நிறுத்தினான். "என்ன நடக்குது இங்க?"

"யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசறா. படகு மட்டும் போயிட்டுக் கிளம்பிடலாம்."

படகு என்றதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கில் உறுமி, பிறகு தோள் குலுங்கி. பதினான்கு மாதம் நடுக்கடலில் கிடந்தவனை இரண்டடித் தண்ணீரில் மிதக்கக் கூட்டிவந்திருக்கிறார்கள்! பெரியவள் அவன் சிரித்து முடிக்கும்வரை, பரீட்சைத் தாளைத் திருத்துகிறவள்போல், உற்றுப் பார்த்தாள்.

படகுத் துறையில் ஒரு ஒல்லிக் கிழவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு குகை வாய். மனைவி ஏறாமல் நின்றாள்.

"இந்தத் தடவை இருந்துடுவீங்கல்ல?"

"அதான் சொன்னேனே."

"பசங்க முன்னாடி சொல்லுங்க."

சட்டைப்பைக்குள் காகிதம் மடிந்து உறுத்தியது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு நெஞ்சில் கை வைத்த மாதிரி தெரிய, "இருப்பேன்" என்றான்.

அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள். திறந்தபோது அவனைப் பார்க்கவில்லை. "சரி" என்றாள், கிழவரிடம்.

முன்னால் பிள்ளைகள், நடுவில் அவள், கடைசியில் ஃபிட்டர். குகைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் ஒரு துணியை இழுத்ததுபோல் போய்விட்டது. தண்ணீருக்கு அடியில் சங்கிலி படகை இழுக்கிற சத்தம் கேட்டது. சங்கிலிச் சக்கரத்தின் எட்டாவது பல்லில் ஒரு தேய்மானம் இருக்கிறது என்று அவன் காது தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

கரையோரம் ஒவ்வொன்றாக விளக்குகள் எரிந்தன. வீடுகள். பாதி வெட்டிய அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பொம்மை. எல்லாம் ஆண் பொம்மைகள். காக்கிச் சட்டை போட்ட லாரி டிரைவர் ஒருவர் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்; தொட்டில் காலி. டை கட்டிய விற்பனைப் பிரதிநிதி ஒருவர் பெட்டியைத் திறந்தார், மூடினார், திறந்தார். ராணுவ உடுப்பில் ஒருவர் பள்ளிக்கூடப் பை ஒன்றின் வாரைச் சரிசெய்தபடி குனிந்திருந்தார். நல்ல வேலைப்பாடு. கழுத்து நரம்பு, நகத்து அழுக்கு, எல்லாம் இருந்தன. விற்பனைப் பிரதிநிதியின் நெற்றியில் வியர்வை இருந்தது.

ஒரு துளி இறங்கி, மூக்கு நுனியில் நின்று, விழுந்தது.

"திரும்பிப் போகலாம்" என்றான் ஃபிட்டர்.

படகு நகர்ந்துகொண்டே இருந்தது.

அடுத்த விளக்கு எரிந்தது. அடுப்படி. பிடி உடைந்த குளிர்சாதனப் பெட்டியில் நீல ஒயர் சுற்றியிருந்தது. அந்த ஒயரைச் சுற்றியவன் அவன். மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம், கட்டம் போட்ட சட்டையில், உட்கார்ந்திருந்தது. படகு நின்றது.

டொப்.

தொட்டிக்கு மேலே குழாய். டொப். பதினான்கு மாதமாகப் போனில் கேட்ட சத்தம். வந்ததும் சரிபண்ணித் தருகிறேன் என்று வாரம் தவறாமல் அவன் சொன்ன சத்தம்.

"அப்பா" என்றாள் பெரியவள். "குழாய் ஒழுகுது."

ஒழுகுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு ஃபிட்டரால் சும்மா இருக்க முடியாது. பசித்தவன் கை சோற்றுக்குப் போகிற மாதிரி அவன் கால் கரைக்குப் போனது. இரண்டு எட்டு. திருகைப் பிடித்தான். குளிர்ந்த, வழுவழுத்த பித்தளை. வலப்பக்கம் திருப்பினான்; நிற்கவில்லை.

இடப்பக்கம் திருப்பினான்.

நின்றது.

அவனுக்குப் பின்னால் ஒரு நாற்காலி தரையில் உரசியது. ஷேவிங் சோப்பு வாசனை முதுகைக் கடந்து போனது. கனத்த ஆள் ஏறினால் படகு தாழ்ந்து, தண்ணீர் பக்கவாட்டில் நக்குகிற சத்தம்.

திரும்பினான். நாற்காலி காலி. படகில் நாலு பேர்.

"நான் இங்க இருக்கேன்!" என்று கத்தினான். "என்னங்கடா இது? நான் இங்க இருக்கேன்!"

"தெரியும்" என்றாள் மனைவி.

அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் ஏறி இறங்கியது. "ஆறு வாரத்துல ஏறணும்னு கம்பெனியிலேர்ந்து போன் வந்துச்சு. போன வாரமே. நீங்களே சொல்வீங்கன்னு துறைமுகத்துலேர்ந்து பார்த்தேன். இப்பகூடப் பார்த்தேன்."

"நான் சொல்லலாம்னுதான்…"

"பன்னிரண்டு வருஷத்துல நீங்க வீட்டுல இருந்தது இருபது மாசம். இவரு எங்கேயும் போகமாட்டாரு." பிறகு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "என்னங்க, கிளம்பலாம்" என்றாள்.

கரையில் ஃபிட்டரும் படகில் இருந்தவனும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். அவள் சொன்னது படகில், அவளுக்குப் பின்னால், ஃபிட்டரின் இடத்தில் உட்கார்ந்திருந்தவனிடம்.

அவன் மூக்கில் உறுமிச் சிரித்தான். பிசகில்லாத சிரிப்பு. சங்கிலி இழுத்தது. பெரியவள் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள். சின்னவன் மட்டும் திரும்பினான். கப்பல் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் துறைமுகத்தில் காட்டுவானே, அதே மாதிரி கையை ஆட்டினான்.

"டாட்டாப்பா."

வளைவு. இருட்டு.

இரண்டடித் தண்ணீர். குதிக்கலாம். கால் கரையின் விளிம்புவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முயன்றான். வரவில்லை. மணிக்கட்டில் பட்டையைத் தேடினான். பட்டை தெரியவில்லை. தோலில் ஒரு வெள்ளை வளையம் இருந்தது.

மேசையில் காகிதங்கள். பதினோரு பக்கம். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தன. ஓரங்களில் யாரோ அவன் கையெழுத்தைப் பழகியிருந்தார்கள். முதல் பக்கத்தில் குழந்தைக் கிறுக்கல். ஐந்தாவதில் ஏறக்குறைய. கடைசிப் பக்கத்தின் அடியில் சில வரிகள், அவனே எழுதியதுபோல், அச்சாக அவன் எழுத்தில்:

மணி அடித்தால் எழு. குழாயை மூடு. கூப்பிடாதே, வாய் வராது. இங்கே ரிலீவர் கிடையாது. சொந்தக்காரர்கள் கொண்டுவந்து விடுவதுதான்.

மேலே ஒரு காற்றுத் துவாரம் வழியாக, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து, ஹாரன் சத்தம் கேட்டது.

இரண்டு தடவை.

பிறகு ஒரு கார் கிளம்பிப் போகிற சத்தம். நல்ல டிரைவர். கியர் உரசவில்லை.

மணி அடித்தது.

விளக்கு எரிந்தது. டொப். அவன் எழுந்திருக்கவில்லை, அவன் உடம்பு எழுந்தது. அன்றைய கடைசிப் படகு. முன்னால் ஒரு சிறுமி. நடுவில் ஒரு பெண். கடைசியில் பைலட் சட்டை போட்ட ஒருவன், வெள்ளைப் பட்டை கட்டிய கையால் ஃபிட்டரைச் சுட்டிக்காட்டிச் சிரித்தான்.

"பாரேன், அச்சு அசல் ஆளு மாதிரியே செஞ்சிருக்கான்! கண்ணுல தண்ணிகூட!"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஃபிட்டரையும் பார்க்கவில்லை. அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகாதே. இறங்காதே.

வாய் வரவில்லை. கை மட்டும் நீண்டு, திருகைப் பிடித்து, இடப்பக்கம் திருப்பியது. படகு நகர்ந்தது. பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது.

"அப்பா" என்றது சிறுமியின் குரல். "அந்தக் கடிகாரம் நின்னுபோச்சு பாருங்க."