கேட்டுக்கு இறங்குகிறவள்

குழாய்க்கிணற்றுப் பக்கத்து கேட் திறந்து கிடந்தது. அரைகுறையாக அல்ல, காற்று தள்ளிவிட்ட மாதிரியும் அல்ல. முழுக்கத் திறந்து, வேலியோடு வேலியாகச் சாய்ந்து, வண்டி போகிற வரைக்கும் யாரோ பிடித்துக்கொண்டு நிற்பது போல நின்றது. பெர்னி பிரேக்கை மிதித்தாள். காலையில் மாடுகளின் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்கப் போனபோது அவளே மூடிச் சங்கிலி மாட்டிவிட்டுப் போன கேட் அது.

டவுனிலிருந்து துப்பாக்கியும் நாயுமாகக் காட்டுப்பன்றி சுட வருகிற தறுதலைகளின் வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். அவர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள். மூடியிருந்த கேட்டை மூடிவிட்டுப் போ, திறந்திருந்ததைத் திறந்தபடி விடு. அந்தச் சீமையில் வேதம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒரு கேட் தப்பினால் போதும், கிடாரிகள் போய்க் காளைகளோடு சேர்ந்துகொள்ளும், ஒரு வருஷத்து உழைப்பு ஒரே நாளில் பாழாகும். இறங்கி மூடப் போனாள். காற்று அசையவில்லை. புல் அசையவில்லை. சங்கிலி மட்டும் இப்போதுதான் கையிலிருந்து விட்டது போல ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு வண்டியில் இரண்டு பேர் போனால் ஓட்டாதவர்தான் கேட்டுக்கு இறங்க வேண்டும். அது அங்கே எல்லோருக்கும் உள்ள வழக்கம். ஆனால் பெர்னியின் அப்பா கிளாரி அதை ஒரு தண்டனையாகவே ஆக்கி வைத்திருந்தார். ஐந்து வயதில் கேட்டின் அடிக்கம்பியில் ஏறி நின்று சங்கிலியை எட்டிப் பிடித்தவள், நாற்பத்தாறு வயதிலும் அதற்காகவே இறங்கிக்கொண்டிருந்தாள். மாடு ஏற்றிய பெரிய லாரியைத் தனியாக ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் வருவாள். கன்று மாட்டிக்கொண்டால் தோள்வரை கையை விட்டு இழுத்துப் போடுவாள். அதெல்லாம் கணக்கில் இல்லை. அப்பா வண்டியில் இருந்தால் அவர் ஓட்டுவார், இவள் இறங்குவாள். இவள் சங்கிலியை மாட்டி முடிப்பதற்குள் வண்டியை நகர்த்திவிட்டு, ஓடி வந்து ஏறட்டும் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார்.

தம்பி மர்ரே பன்னிரண்டு வயதில் நகரத்துப் பள்ளி விடுதிக்குப் போனவன். அப்படியே படித்து, அங்கேயே வேலை, அங்கேயே கடல் தெரிகிற வீடு. கிறிஸ்துமஸுக்கு வந்து குளிர்ந்த பியரைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போவான். நோகாமல் நுங்கு தின்கிற ரகம். நிலம், வீடு, மாடு எல்லாம் அவன் பேருக்கு என்று போன மாசம் சாப்பாட்டு மேஜையில் கிளாரி சொன்னார். உருளைக்கிழங்கை மென்றுகொண்டே சொன்னார்.

"பொம்பளைக்கு நிலம் எதுக்கு? கல்யாணம் பண்ணியிருந்தா எவனோ ஒருத்தனுக்குப் போயிருக்கும். பண்ணிக்கலை. நீ யாருக்கு வெச்சிட்டுப் போவே?"

பெர்னி தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "அப்ப நாளைலேர்ந்து உங்க கேட்டை நீங்களே திறந்துக்குங்க."

மறுநாள் அவர் தனியாகத்தான் போனார். தார்ச்சாலைக்குப் போகிற கடைசி கேட் சரிவில் இருந்தது. என்ஜினை ஓடவிட்டு, பிடிக்காத கைபிரேக்கை நம்பி இறங்கியிருக்கிறார். வண்டி தானாக உருண்டு வந்து அவரைக் கேட்டோடு வைத்து நசுக்கிவிட்டது. சாயங்காலம் ஆகியும் ஆளைக் காணோம் என்று பெர்னி தேடிப் போனபோது வலது கை சங்கிலியிலேயே இருந்தது. வாய் திறந்திருந்தது, பாதி வசவில் நின்ற மாதிரி. அடக்கத்தில் எல்லோரும் அவள் தோளைத் தட்டினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்த பிறகும் தன்னைக் குற்றவாளியாக்கிவிட்டுப் போன மனிதர் மேல் அவளுக்கு அடங்காத கோபம்.

அந்தக் குழாய்க்கிணற்று கேட் சங்கதி அவர் அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் நடந்தது. அதோடு நின்றிருந்தால் பன்றிக்காரர்கள் தலையிலேயே போட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் பசுக்களுக்கு உப்புக்கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்து, வண்டி கிளப்பிய செம்புழுதி கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டு, எதிரே எது மரம் எது மாடு என்று தெரியாத நேரம். காளைகள் மேய்கிற பக்கத்து கேட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தாள். கேட் மூடியிருந்தது. நன்றாகப் பார்த்தாள், மூடித்தான் இருந்தது. பக்கத்து சீட்டின் பழைய ஸ்பிரிங், பாரம் இறங்கினால் எழும்புமே, அந்த முனகலோடு ஒருமுறை எழும்பியது. அந்தப் பக்கத்துக் கதவு 'டக்' என்றது. கேட் மெல்ல, எந்த அவசரமும் இல்லாமல், திறந்துகொண்டது.

அவள் போனாள். நிற்கத் தைரியம் இல்லாமல் போனாள். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் புழுதி அடங்கியபோது கேட் மூடியிருந்தது. பிறகு கதவு இன்னொரு முறை 'டக்' என்றது. ஸ்பிரிங் அமுங்கியது. டீசலும், கையால் சுருட்டுகிற புகையிலையும், முட்டிவலிக்குப் போடுகிற தைலமும் சேர்ந்த ஒரு வாடை வண்டிக்குள் வந்து உட்கார்ந்தது. வண்டியின் திறந்த பின்தட்டில் இருந்த அப்பாவின் நாய் டஃபி குரைக்கவில்லை, பதுங்கவும் இல்லை. அந்தப் பக்கமாகத் தலையை நீட்டி வாலை ஆட்டியது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவளுக்கு எரிச்சல்தான் முதலில் பொங்கியது. உயிரோடு இருந்தவரை ஒரு கேட்டுக்கு இறங்காத மனிதர், செத்த பிறகு இறங்குகிறாராம். இருந்தும் கெடுத்தவர் செத்தும் கெடுக்கிறார். "இப்ப என்ன புதுசா?" என்று பக்கத்து சீட்டைப் பார்க்காமலே கேட்டாள். "எனக்காகவா இறங்கறீங்க? யாருக்கு வேணும்?" வீடு வரைக்கும் எல்லா கேட்டும் அவளுக்காகத் திறந்தன, அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டன. வீட்டுப் பக்கமாகப் போகிறபோது மட்டும்தான் திறக்கின்றன என்பது அன்று அவளுக்கு உறைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மர்ரே போன் செய்தான். விற்பதா வைத்துக்கொள்வதா என்று அவனுக்கே இன்னும் தெரியவில்லையாம். மழை வரட்டும், விலை ஏறட்டும், அதுவரை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றான்.

"உனக்கும் அதுதானே பெர்னி வீடு. வேற எங்க போவே நீ?"

கடைசிக் கேள்வியில் அப்பாவின் குரல் அப்படியே இருந்தது.

"உன் மாட்டுக்கு நீயே வந்து தண்ணி காட்டு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் பெர்னி.

டவுனில் வேலை ஏதாவது உண்டா என்று பக்கத்து நிலத்து கோலீனிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். டவுன் ஆஸ்பத்திரி சமையலறையில் ஆள் வேண்டுமாம், தங்க ஓர் அறையும் தருவார்களாம். மர்ரே வந்து சேர்கிற வரை தொட்டிகளைத் தன் புருஷன் பார்த்துக்கொள்வான் என்று கோலீன் சொல்லியிருந்தாள். பெர்னி இரண்டு பெட்டியில் துணியைத் திணித்தாள். சேணத்தை எடுத்துக்கொண்டாள், அது ஒன்றுதான் அவள் காசில் வாங்கியது. டஃபியைப் பின்தட்டில் ஏற்றினாள். இன்றைக்குப் போகாவிட்டால் இனி என்றைக்கும் போக மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வண்டி கிளம்பும்போது வெயில் இன்னும் இருந்தது.

முதல் கேட் திறக்கவில்லை. நிறுத்தி, காத்துப் பார்த்தாள். பக்கத்து சீட் அசையவில்லை, கதவு சத்தம் இல்லை, புகையிலை வாடை இல்லை. அவளே இறங்கித் திறந்து, ஓட்டிப்போய், மறுபடி இறங்கி மூடினாள். எப்போதும் சலித்துக்கொண்டு செய்கிற வேலையை அன்று சந்தோஷமாகச் செய்தாள். கிழவர் வீட்டோடு நின்றுவிட்டார். மகனுக்கு எழுதி வைத்த வீட்டைக் கட்டிக்கொண்டு கிடக்கட்டும்.

திரும்பி ஏறி உட்கார்ந்தபோது கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை.

சீட் பின்னால் தள்ளியிருந்தது. வண்டி குலுங்கலில் நழுவியிருக்கும் என்று முன்னால் இழுத்துக்கொண்டாள். காளைகள் பக்கத்து கேட்டில் இறங்கி ஏறினாள். மறுபடியும் எட்டவில்லை. இந்த முறை பின்னால் பார்க்கிற கண்ணாடியும் மேல்நோக்கித் திரும்பியிருந்தது, அவளைவிட ஒரு சாண் உயரமான ஆளுக்கு ஏற்றபடி. டஃபி பக்கத்து சீட் பக்கம் போகவே இல்லை. ஓட்டுகிறவர் ஜன்னலோரம், அவள் தோளுக்குப் பின்னால், நாக்கைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டிருந்தது.

அவள் திட்டத் தொடங்கினாள். முப்பது வருஷமாக உள்ளே வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக் கத்தினாள். என் கை, என் முதுகு, என் வயசு எல்லாவற்றையும் தின்றுவிட்டு அவனுக்கா எழுதி வைத்தாய் என்று, வாழ்நாளில் முதல்முறையாக அப்பாவை ஒருமையில் கேட்டாள். குழாய்க்கிணற்று கேட்டில் இறங்கும்போது என்ஜினை அணைத்தாள். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஏறும்போது ஸ்டீயரிங் ஈரமாக இருந்தது. வியர்வை ஈரம். அவள் கையில் உறை போட்டிருந்தாள்.

கடைசி கேட். சரிவு. அதற்கு அப்பால் தார்ச்சாலை, கறுப்பாக, வெறிச்சென்று. தூரத்தில் கோலீன் வீட்டுத் தகரக்கூரை மாலை வெயிலில் மினுங்கியது. பெர்னி என்ஜினை அணைத்தாள். கியரில் போட்டாள். சாவியை எடுத்தாள். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் இரண்டு கல்லை உதைத்துத் தள்ளினாள். டஃபியைக் கூப்பிட்டாள். நாய் வரவில்லை. கிடக்கட்டும். நடந்தே போகலாம். பெட்டி வேண்டாம், சேணம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

சங்கிலியை எடுத்தாள். கேட்டைத் தள்ளினாள். வெளியே போனாள்.

காலடியில் சாலை. திடமாக. சூடாக.

பின்னால் என்ஜின் கிளம்பியது.

சாவி அவள் பையில் இருந்தது. அதைத் துணிக்கு மேலாக இறுக்கிப் பிடித்தாள். திரும்பாதே என்று சொல்லிக்கொண்டாள். கல் நசுங்கும் சத்தம். டயர் திரும்பும் சத்தம். வண்டி சரிவில் மெல்ல ஒரு வட்டம் போட்டு, மூக்கை வீட்டுப் பக்கமாக வைத்து நின்றது. பக்கத்து சீட் கதவு திறந்தது. ஹாரன் இல்லை. அதட்டல் இல்லை. என்ஜின் மட்டும் உறுமியபடி நின்றது, பொறுமை இழந்துகொண்டே.

அவள் திரும்பிவிட்டாள்.

ஓட்டுகிற இடம் இருட்டாக இருந்தது. வெளியே இன்னும் வெயில். உள்ளே மட்டும் இருட்டு. அந்த இருட்டு கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வர மாட்டேன்" என்றாள். "கேட்டுதா? வர மாட்டேன்."

சொல்லிக்கொண்டே நடந்தாள். சாலைப் பக்கமாக அல்ல. உள்ளே வந்தாள். கேட்டைப் பிடித்தாள். "சாவு. திரும்பவும் சாவு" என்றாள். தொங்கிப்போன கேட்டை முட்டியால் தூக்கினாள். வாய் நிற்கவில்லை. கையும் நிற்கவில்லை. சங்கிலியின் கண்ணைத் தேடியது, ஆணியில் மாட்டியது, ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தது. கோலீன் வீட்டுக் கூரை வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

வண்டி நகரத் தொடங்கியிருந்தது. அவள் ஓடினாள். ஓடிப் பிடித்து ஏறினாள். வலது பக்கம் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள். நேராகப் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. பல் நறநறத்தது. பக்கத்திலிருந்து தைல வாடை. கியர் மாறியது. ஸ்பிரிங் அவளுக்குக் கீழே முனகியது.

குழாய்க்கிணற்று கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் இறங்கினாள்.