ஏலக்கா விட்டுப்போன தெள்ளு

பூனையைத் திராட்சைக்கொடி என்று நினைத்ததுதான் ஞானசிகாமணி செய்த தவறு.

ராயப்பன்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாகப் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். எந்த விவசாயி எந்த இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து நீட்டினாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். "டேங்குக்கு இத்தனை மில்லி" என்பார். பூச்சி செத்துப்போகும். பெயரில் இருக்கிற ஞானம் மண்டைக்குள்ளும் இருக்கிறது என்று அவர் நம்ப ஆரம்பித்ததற்கு அந்தப் பூச்சிகளைத்தான் குறை சொல்லவேண்டும்.

அந்த நம்பிக்கையோடுதான், ஆடிக்காற்று கதவுகளை அறைந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடையைச் சாத்திவிட்டுக் கையில் சின்ன ஸ்பிரேயரோடு வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி கிளாரா பள்ளிக்கூடத்தில் டீச்சர். அன்றைக்கு ஏதோ கூட்டம் என்று போயிருந்தாள். வீட்டில் அவரையும் ஏலக்காவையும் தவிர யாரும் இல்லை.

ஏலக்கா என்பது பூனையின் பெயர். குமுளியிலிருந்து இறங்கிய ஜீப்பில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே கிடந்த செம்பட்டைக் குட்டியை மகள் ஜெசி தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு மாசம் வரைக்கும் அதன் மேல் ஏலக்காய் வாசனை அடித்தது. ஜெசி நர்ஸ் வேலைக்குக் குவைத்துக்குப் போனபிறகு அவளுடைய அறையும் கட்டிலும் அதற்கே சொந்தமாயின. ஒரே ஒரு கெட்ட பழக்கம். நிலைப்படியின் குறுக்கே வாலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஞானசிகாமணி அதை மிதிப்பார். "கால எடுங்க, வால மிதிக்கிறீக!" என்று கிளாரா கத்துவாள். அந்த வீட்டில் ஜெபமாலைக்கு அடுத்தபடியாக அதிகம் சொல்லப்பட்ட வாக்கியம் அதுதான்.

அந்த வாரத் தொடக்கத்தில் பங்குச்சாமியார் வீடு மந்திரிக்க வந்திருந்தார். தீர்த்தம் தெளித்ததைவிடக் கெண்டைக்காலைச் சொறிந்ததுதான் அதிகம். தெள்ளுப்பூச்சி! கிளாராவுக்கு அவமானம். ஞானசிகாமணிக்கோ அது தொழில் அவமானம்.

கிளாராவிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏலக்காவை மடியில் போட்டுக்கொண்டு, பேன்சீப்பால் சீவி, சிக்குகிற தெள்ளை டம்ளரில் இருக்கிற சோப்புத்தண்ணீரில் முக்குவாள். நாலு மணிக்கு உட்கார்ந்தால் அஞ்சு மணிவரை.

"இப்பிடி ஒண்ணு ஒண்ணாப் பிடிச்சா கிறிஸ்துமஸ் வந்துரும். ஒரே அடியில முடிச்சுத் தாரேன்" என்றார் அவர்.

"உங்க கடைச் சாமான் ஒண்ணயும் வீட்டுக்குள்ள கொண்டாராதீக. சொல்லிட்டேன்."

கொண்டுவந்தார். மாட்டு உண்ணிக்கு அடிக்கிற மருந்து. மாட்டுக்கு ஆகும், நாய்க்கும் ஆகும், பூனைக்கு மட்டும் ஆகாமலா போய்விடும்? ஆகாது என்று புட்டியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடி வழக்கம்போல நெற்றியில் இருந்தது.

இலைக்கு அடியில்தான் பூச்சி இருக்கும் என்பது தொழில் பாடம். ஏலக்காவை மல்லாக்கப் புரட்டி, வயிற்றில் மூன்று அடி அடித்தார்.

முதலில் காது துடித்தது. அவர் சிரித்தார். பிறகு கால்கள் துடித்தன. பிறகு உடம்பு மொத்தமும், காற்றில் சிக்கிய பாலிதீன் பையைப்போலப் படபடத்தது. துண்டை நனைத்துத் துடைத்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மாதாவைக் கூப்பிட்டார். துண்டோடு சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உத்தமபாளையம் மாட்டாஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார்.

பாதி வழியில் துடிப்பு நின்றது.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தன் அரை ஏக்கர் திராட்சைத் தோட்டத்துக்கு வண்டியைத் திருப்பினார். பந்தலின் மூன்றாவது வரிசையில், ஒரு கல்தூணின் காலடியில் குழி தோண்டினார். அழுதார். கிளாரா வருவதற்குள் முகத்தையும் ஸ்பிரேயரையும் கழுவி வைத்தார்.

"ஏலக்கா எங்க?"

"கதவு காத்துல தெறந்துக்கிருச்சு. ஓடிருச்சு கிளாரா."

அவள் அவரைப் பார்த்தாள். ஆணியில் தொங்கித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த ஸ்பிரேயரைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

தினமும் சாயங்காலம் குவைத்திலிருந்து வீடியோ கால் வரும். "அப்பா, ஏலக்கா வந்துச்சா?"

"வந்துரும்மா."

"மாசக் கடைசியில லீவுல வாரேன். அதுக்குள்ள வந்துருமாப்பா?"

"கண்டிப்பா வந்துரும்."

ஒவ்வொரு நாளும், அதே நேரத்தில், அதே வார்த்தை. வந்துரும், வந்துரும். என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. உண்மையைச் சொல்ல ஒவ்வொரு ராத்திரியும் வாயைத் திறப்பார். திறந்த வாயில் கொட்டாவி விட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். கிளாரா அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெள்ளு மட்டும் போகவில்லை.

பூனை இல்லாத வீட்டில் தெள்ளு குறைய வேண்டும். கூடியது. கடைக்கு மருந்து வாங்க வந்த ஒச்சாண்டி, அவர் மேஜைக்கடியில் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிவதைக் கவனித்துவிட்டான்.

"என்னண்ணே, ஊருக்கெல்லாம் பூச்சிய ஒழிச்சுட்டு, கால்ல தனியா பண்ணை வச்சிருக்கீகளா?"

"ஏலே, வாங்குனா வாங்கு. இல்லன்னா எடத்தக் காலி பண்ணு."

"கோவிக்காதீக. உங்களுக்கு டேங்குக்கு எத்தன மில்லின்னு கேட்டேன்."

மறுநாள் கால்நடை டாக்டர் எப்சிபாவைப் போய்ப் பார்த்தார். ஜெசியைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"தெள்ளு பூனை மேல கொஞ்சந்தான் சார் இருக்கும். மீதி உங்க வீட்டுல. முட்டையா, புழுவா, கூடா. துணிமணி, விரிப்பு எல்லாத்தயும் கொதிதண்ணியில போடுங்க. மூலை முடுக்கெல்லாம் தினம் பெருக்கி வெளிய கொண்டு போயிருங்க. கூட்டுக்குள்ள இருக்குறத மருந்து ஒண்ணும் செய்யாது. மாசக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கும். ஆள் நடமாடுற அதிர்வும் உடம்புச் சூடும் பட்டாத்தான் வெளிய குதிக்கும்."

"காத்துக்கிட்டேவா?"

"காத்துக்கிட்டேதான். சரி, பூனை எங்க?"

"ஓடிருச்சும்மா."

டாக்டர் பேனாவை மூடினாள். "ஒரு வாரம் சுத்தம் பண்ணிட்டு, வெள்ளை சாக்ஸ் போட்டு ஒவ்வொரு ரூமா நடந்து பாருங்க. எங்க மிச்சம் இருக்குன்னு சாக்ஸ் சொல்லிரும்."

ஞானசிகாமணி வீட்டையே அண்டாவில் போட்டு அவித்தார். ஜெசியின் அறையை உப்பும் வேப்பிலையும் போட்டுப் பெருக்கினார். கட்டிலில் புது வெள்ளை விரிப்பை விரித்தார். அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தெள்ளு பரவாமல் இருக்க என்று கிளாராவிடம் சொன்னார். அந்தக் கட்டிலைப் பார்க்க அவருக்கு மனசு தாங்கவில்லை என்பதுதான் நிஜக் காரணம்.

ஒரு வாரம் போயிற்று.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை மத்தியானம் தன் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளை சாக்ஸைத் தேடி எடுத்தார். கைலியை மடித்துக் கட்டி, சாக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, புதுமாப்பிள்ளையைப்போல நடந்தார். ஹாலில் ரெண்டு தெள்ளு. சமையல்கட்டில் ஒன்றுமில்லை. தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார்.

ஜெசியின் அறையைத் திறந்தார்.

ஏலக்காய் வாசனை.

அதற்கு அடியில், இன்னொரு வாசனையும் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவர் சட்டையில் ஒட்டியிருக்கிற அந்த மருந்து வாசனை.

ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே காற்று ஊளையிட்டது. உள்ளே திரைச்சீலைகூட அசையவில்லை. நாலு எட்டு வைத்திருப்பார். குனிந்து பார்த்தார்.

சாக்ஸ் கறுப்பாக இருந்தது.

கறுப்பு நகர்ந்துகொண்டிருந்தது.

உதறக்கூடத் தோன்றவில்லை. அவர் கண் கட்டிலில் இருந்தது. புது விரிப்பின் நடுவில், ஒரு சோற்றுத்தட்டு அகலத்துக்கு, வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்தில் மிளகுப்பொடி தூவியதுபோலக் கறுப்புத் துகள்கள். உள்ளங்கையை வைத்தார்.

சூடாக இருந்தது.

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அந்தத் துகளைத் தொட்டார். பஞ்சு சிவந்தது. வெளியே ஓடிவந்து டாக்டருக்குப் போன் அடித்தார்.

"அது தெள்ளோட எச்சம் சார். குடிச்ச ரத்தம். அதான் தண்ணி பட்டா செவப்பா ஆகுது."

"பழசா இருக்குமாம்மா?"

"விரிப்பு பழசா?"

"புதுசு. நானே விரிச்சுப் பூட்டினேன். ஒரு வாரமா யாரும் உள்ள போகல."



"கூட்டுல இருந்தது நீங்க நடந்ததும் வெளிய வந்துருச்சுன்னு வச்சுக்கலாம். ஆனா ரத்தம் குடிச்சிருக்கே சார். ஏதோ ஒரு உசுரு அதுல தினம் படுத்து எந்திரிக்குது. பூனைய நல்லாத் தேடுனீங்களா?"

அவர் போனை வைத்தார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அல்லது, தெரியும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

சாக்ஸைக் கழற்றாமலே வண்டியை எடுத்தார். பந்தலுக்குள் மத்தியானமே மங்கலாக இருந்தது. மூன்றாவது வரிசை. கல்தூண். மண்ணை யாரும் கிளறியிருக்கவில்லை. மண்வெட்டியால் ரெண்டு வெட்டு வெட்டியதும் துண்டின் நீலக்கரை தெரிந்தது. துண்டுக்குள் கனம் இருந்தது. பிரிக்கத் தைரியம் இல்லை. நாற்றம் பிரிக்க வேண்டாம் என்றது.

இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் அங்கே?

கைகளால் மண்ணைத் தள்ளி மூடினார். முட்டி போட்டபடியே, "மன்னிச்சிரு ஏலக்கா, கண்ணாடி நெத்தியில இருந்துச்சு" என்று சொன்னார். உலகத்தில் யாரும் கேட்டிராத பாவசங்கீர்த்தனம். ஆனால் அதைச் சொல்லவேண்டிய ஆள் வேறு என்று சொல்லி முடித்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. ஜெசி வர இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு இருக்கும். மேற்கு மலையின் நிழல் தெருவரைக்கும் இறங்கியிருந்தது. கிளாராவின் செருப்பு வாசலில் கிடந்தது. ஹாலில் அவள் இல்லை. சமையல்கட்டிலும் இல்லை.

ஜெசியின் அறைக்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவர் பூட்டிவிட்டுத்தான் போனார். சட்டைப்பையைத் தடவினார். சாவி இருந்தது.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

சர்ர்க். சர்ர்க். பிறகு, தண்ணீரில் ஏதோ முக்கி எடுக்கிற சத்தம்.

சர்ர்க். சர்ர்க்.

கதவைத் தள்ளினார். கிளாரா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டம்ளர். கையில் பேன்சீப்பு. வெறும் மடிக்கு ஒரு சாண் மேலே, காற்றில், சீப்பை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தாள். நாலு இழுப்பு இழுத்துவிட்டு டம்ளரில் முக்கினாள். டம்ளரில் சோப்பு நுரைக்கு மேல் தெள்ளுகள் மிதந்தன. சீப்பின் பல்லில் செம்பட்டை முடி சிக்கியிருந்தது.

அவள் முன்கைகளில் முழங்கைவரைக்கும் சிவப்புச் சிவப்பாகக் கடித்த தடிப்பு. ஒரு வாரமாக அவள் ஏன் முந்தானையைப் போர்த்திக்கொண்டே திரிந்தாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"கிளாரா."

"சத்தம் போடாதீக. அசந்து படுத்திருக்கு."

"சாவி ஏது?"

"ஜெசிகிட்ட ஒண்ணு இருந்துச்சில்ல. அவ அலமாரியில வச்சிட்டுத்தான் போனா."

அவர் நிலைப்படியிலேயே நின்றார். கொட்டாவி வரவில்லை. இந்தத் தடவை வார்த்தைதான் வந்தது.

"அது ஓடல கிளாரா. நான்தான் கொன்னேன். மாட்டு மருந்தை அடிச்சு."

சீப்பு நிற்கவில்லை.

"தெரியும்."

"எப்பலருந்து?"

"அன்னிக்கே. கல்யாணமாகி இருவத்தாறு வருசத்துல நீங்க என்னிக்கு ஸ்பிரேயரக் கழுவி வச்சிருக்கீக? நீலக்கரைத் துண்டும் காணோம்." அவள் குரல் ஒருமுறை உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. "நீங்களாச் சொல்லுவீகன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். தெனம் சாயந்தரம் அந்தப் பிள்ளைகிட்ட வந்துரும், வந்துரும்னீக. வந்துருச்சு."

"ஜெசிகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். சத்தியமா."

"சொல்லுங்க."

அவள் சீப்பை டம்ளரின் விளிம்பில் தட்டினாள். "போதும், எறங்கு" என்றாள், மடியைப் பார்த்து. சேலை மடிப்பு மெல்லத் தளர்ந்து விழுந்தது. தரையில் 'தொப்' என்று ஒரு சின்னச் சத்தம். டம்ளர் தண்ணீர் ஒருமுறை நடுங்கி அடங்கியது.

ஏலக்காய் வாசனை அவர் பக்கமாக வந்தது. முழங்காலை உரசிக்கொண்டு போனது. நின்றது.

வலது காலை மாற்றி ஊன்றினார். சாக்ஸுக்கு அடியில் ஏதோ மெத்தென்று அழுந்தியது. மிதியடியின் மடிப்பு என்று நினைக்கப் பார்த்தார். அந்த நிலைப்படியில் மிதியடி கிடையாது.

"கிளாரா... என்கிட்ட மறைக்காமச் சொல்லு. அது இப்ப எங்கன இருக்கு?"

கிளாரா தலையை நிமிர்த்தினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்தாள்.

"கால எடுங்க. வால மிதிக்கிறீக."