பாடிகாவல் தலைவரின் தீர்ப்பு

கொடுங்குன்றத்தின் சிகரங்களுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிவிட்டான். அவன் விட்டுச்சென்ற செம்மை வெண்ணுரையாற்றின் நீர்ப்பரப்பில் சற்றே தயங்கி நின்று, நாணற்புதர்களின் நிழலில் கரைந்து மறைய, கீழ்வானில் எழுந்த முழுமதி மருதமரங்களின் ஊடே பால்நிறக் கதிர்களைப் பாய்ச்சிக்கொண்டிருந்தது. கூடு திரும்பிய நாரைகளின் ஆரவாரமும் பாசறைக் குதிரைகளின் கனைப்பும் கலந்தொலித்த அந்த அந்திப்பொழுதின் அழகை, படித்துறையில் அமர்ந்திருந்த ஒருவர் மட்டும் பார்த்தும் பாராதவராய் இருந்தார். வாசகர்களே, அவர்தாம் செழுங்கோட்டு நாட்டின் பாடிகாவல் தலைவர் விழுப்பரையர். அன்று பிற்பகலில்தான் தம் ஒரே தம்பி கண்டனுக்கு மரணதண்டனை விதித்து, அது நிறைவேறுவதையும் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தார்.

ஊர்களைக் காக்கும் படைக்குப் பாடிகாவல் என்று பெயர். பெயரில்தான் காவல் இருந்தது. அந்த வீரர்களைக் கண்டாலே மக்கள் கதவடைப்பார்கள். நெல்லும் கோழியும் பறிபோகும், ஏனென்று கேட்டவனுக்குச் சவுக்கடி விழும். ஆகையால், குன்றுகளில் ஒளிந்து மன்னரை எதிர்த்துப் போரிட்ட கொடுவேல் என்னும் கலகத்தலைவனுக்கு ஊர்தோறும் சோறும் ஒதுங்க இடமும் கிடைத்தன. அவன் முகத்தைப் பார்த்த காவலர் எவரும் இல்லை. "கலகத்தை அடக்குமுன் நம் காவலரை அடக்க வேண்டும், அரசே" என்று சபையில் துணிந்து சொன்னவர் விழுப்பரையர். மன்னர் அந்தப் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். அவர் பழைய கூட்டத்தைக் கலைத்தார். அந்தந்த ஊராரிலிருந்தே காவலரைத் தேர்ந்தெடுத்தார். ஊர்ச்சபை விசாரிக்காமல் ஓர் உயிரைப் பறிக்கும் காவலன் எவனாயினும் அவன் தலை போகும் என்று பறையறைவித்தார்.

அந்தச் சட்டத்தில் முதலில் சிக்கியவன், பாசறையின் வடக்கு வாயிலைக் காத்துவந்த கண்டன். கலகக்காரருக்கு உணவளித்தான் என்று சொல்லி, மருதூர்க் குயவன் ஒருவனைச் சூளையருகிலேயே வெட்டி வீழ்த்தினான். இறந்தவனின் தமக்கை சேந்தி என்பவள் தனியாகப் பாசறைக்கு வந்து முறையிட்டாள். சபை கூடி விசாரித்தபோது கண்டன் எதையும் மறுக்கவில்லை. "நாட்டுக்காகத்தானே செய்தேன், அண்ணா" என்று மட்டும் சொன்னான்.

அந்தக் குரலை விழுப்பரையர் இப்போது நினைத்துப் பார்த்தார். நெஞ்சில் எதுவும் அசையவில்லை. உபதளபதி உதாரன் கொண்டுவந்து வைத்த உணவை உண்டார். உப்பு இருந்ததா என்று தெரியவில்லை. வடக்கு வாயிலுக்குக் கண்டனின் இடத்தில் யாரை அமர்த்துவது என்று யோசித்தார். அப்படி யோசிக்க முடிந்தது அவருக்கே வியப்பாயிருந்தது. அந்த வியப்புகூட வேறு யாருடையதோ போல் எட்ட நின்றது.

"ஐயா, மருதூர்ப் பெண் விடைபெற வந்திருக்கிறாள்" என்றான் உதாரன்.

நிலவொளியில் சேந்தி வந்து நின்றாள். விசாரணை நாட்களில் அவளுடைய அசையாத பார்வையும் தெளிந்த பேச்சும் அவர் உள்ளத்தை இனம்புரியாமல் ஈர்த்ததுண்டு. இன்று அதுவும் இல்லை.

"தாங்கள் தங்கள் தம்பியைக் காப்பாற்றிவிடுவீர்கள் என்று நம்பித்தான் வந்தேன்" என்றாள்.

"விளங்கவில்லை, அம்மணி."

"அவரைத் தப்பவிட்டிருந்தால், புதிய காவலும் பழைய கொள்ளைதான் என்று ஊர்தோறும் ஆள் விட்டிருப்பேன். நாடே எழுந்திருக்கும். வில்லாளிகள் அக்கரைக் காட்டில் ஆயத்தமாயிருக்கிறார்கள். அதைத் தாங்கள் கெடுத்துவிட்டீர்கள்."

"தாங்கள் யார்?"

"ஆண்மகன் என்று எண்ணித் தங்கள் ஒற்றர்கள் தேடித் திரியும் கொடுவேல் நான்தான்."

உதாரனின் வாள் உறையிலிருந்து வெளிவந்தது. "உத்தரவு கொடுங்கள், ஐயா. இவளைப் பிடித்தால் போரே முடிந்தது."

விழுப்பரையர் இருந்த இடத்திலிருந்து எழவில்லை. "வாளை உள்ளே போடு. முறையிட வந்தவரைத் தீங்கின்றித் திருப்பி அனுப்புவோம் என்று ஊர்தோறும் வாக்களித்திருக்கிறோம்."

"கலகத்தலைவிக்குமா, ஐயா?"

"விலக்கு என்று ஒன்று வைப்பதாயிருந்தால், அதைப் பிற்பகலிலேயே வைத்திருப்பேன், உதாரா."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அந்தக் குயவன்?"

"என் உடன்பிறந்தவன்தான். வில்லைத் தொடமாட்டேன் என்று மலையை விட்டு இறங்கி, மண் பிசையப் போனவன். அவன் சாவை வைத்தே சூழ்ச்சி செய்தேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை."

"எனக்கும்" என்றார் விழுப்பரையர்.

பிறகு அவள் குனிந்து நீரைக் கையில் அள்ளினாள். "தங்கள் புதிய காவலர் நிற்கும் எந்த ஊரிலும் என் ஆட்கள் வில்லேந்தி நுழையமாட்டார்கள். இந்த ஆற்றின்மேல் ஆணை. மன்னரோடு எனக்குள்ள பகை வேறு. அது தீரவில்லை."

"விடிந்ததும் தங்களைத் தேடி நான் புறப்பட்டாக வேண்டும்."

"தெரியும், ஐயா."

அவள் படித்துறையில் கட்டியிருந்த தன் ஓடத்தில் ஏறித் தானே துடுப்பைப் போட்டாள். நிலவு வழிந்த நீரில் அந்த ஓடம் சிறுத்துச் சிறுத்து நாணல்களுக்குள் புகுந்து மறைந்தது. அக்கரையில் அது கரைதட்டும் ஓசை கேட்கும்வரை விழுப்பரையர் காத்திருந்தார்.

"போகலாம்" என்று எழப் பார்த்தார். கால்கள் எழவில்லை. உதாரன் தோள்கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.