ஈயக்குண்டுப் பள்ளம்

"அந்த மோதிரம் அவனுக்கு முன்னாடி என் கைக்கு வரணும்!"

செலீனா இடுப்பில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கினாள். கயிற்றின் மறுமுனை அவள் பெரியப்பா மகள் ஜோவிட்டாவின் இடுப்பில் இருந்தது. திருவிழா முடிந்த கடற்கரைகளில் மெட்டல் டிடெக்டரை வைத்துக் காசு தேடுவது ஜோவிட்டாவின் பிழைப்பு.

மூன்று வாரத்துக்கு முன்பு, படகு முதலாளியின் மகன் ரைசனின் கல்யாண மோதிரம் காணாமல் போனது. அவன் வீட்டில் பாத்திரம் தேய்த்த செலீனாவின் அம்மா ரோணிக்கத்தை நடுத்தெருவில் நிறுத்தி, சேலை மடியை உதறச் சொன்னான் அவன். அன்றிலிருந்து அம்மா யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

ஆனால் நேற்று முதல் அதே ரைசன், புத்தம் புது டிடெக்டரோடு அலைக்குள் நடக்கிறான்! வீட்டில் திருடு போனதைக் கடலில் ஏன் தேட வேண்டும்? குளிக்கும்போது தொலைத்துவிட்டு, மனைவி மெர்லினுக்குப் பயந்து பழியைத் தூக்கி அம்மா மேல் போட்டிருக்கிறான். அவன் கையில் மோதிரம் கிடைத்தால், "திருடினவளே பயந்து திரும்ப வச்சிட்டா" என்று சொல்லிவிடுவான்.

"காலை அகட்டி வை! அலைக்கு முதுகைக் காட்டாதே!" என்று கத்தினாள் ஜோவிட்டா.

செலீனா ஜோவிட்டாவின் டிடெக்டரை மணலுக்கு மேல் ஆட்டியபோது, அதிலிருந்து காதில் மாட்டிய ஹெட்போன் கூவியது. நீளக் கம்பு வைத்த ஓட்டைவாளியை மணலில் குத்தி, குதிகாலால் மிதித்து, மொத்த உடம்பாலும் நெம்பினாள். தூக்குவதற்குள் அடுத்த அலை குழியை மூடியது. மறுபடி குத்தினாள். மணல் வடிந்ததும் வாளியில் கிடந்தது, வலையிலிருந்து அறுந்து விழுந்த ஈயக்குண்டு!

மூன்று மணி நேரத்தில் முப்பது ஈயக்குண்டுகள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"என்ன புள்ள, ஈயம் பொறுக்கி வலைக்குக் கட்டப் போறியளா?" தூரத்தில் நின்று ரைசன் சிரித்தான். "என் மெஷினு ஈயத்துக்கு வாயே திறக்காது. தங்கத்துக்கு மட்டுந்தான் கத்தும்!"

செலீனா பல்லைக் கடித்தாள். ஜோவிட்டாவின் கண்களோ பளிச்சிட்டன.

"ஏட்டி, கேட்டியா? ஈயத்தோட வாயை அடைச்சா தங்கத்தோட வாயும் அடைஞ்சிரும். ரெண்டுக்கும் மெஷின்ல ஏறக்குறைய ஒரே சத்தம்! மோதிரத்தை மிதிச்சிக்கிட்டே போயிருப்பான், மடையன்."

"அப்போ எங்க தேடணும்?"

"ஈயம் எங்க நிறைய சேருதோ, அங்க. கனமானதையெல்லாம் கடல் ஒரே இடத்துலதான் போடும்."

கரையோரத்துப் பாறைக்கு வடக்கே, அலை உடையும் இடத்தில் மார்பளவுப் பள்ளம் ஒன்று இருந்தது. வலைக்காரர்கள் தொலைந்த ஈயத்தைத் தேடி இறங்குவது அங்கேதான். இருவரும் அதில் இறங்கினார்கள். ஒரு பேரலை செலீனாவைச் சுருட்டி அடித்தது! உப்புநீர் மூக்கில் ஏறியது. கயிறு வெடுக்கென்று இழுத்து நிறுத்தியது.

"போதும், கரைக்கு வா!"

"மாட்டேன்க்கா! எங்கம்மா மடியை உதறினாளே, அதுக்கு இது பெரிசா?"

குத்தினாள். ஈயம். குத்தினாள். ஈயம். அதற்கும் அடுத்த வாளியில், சிப்பிகளுக்கு நடுவே மஞ்சளாக ஒரு வளையம்! உள்பக்கம் 'மெர்லின்' என்று வெட்டியிருந்தது.

ரைசன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தான். ஜோவிட்டா செலீனாவிடமிருந்து இரும்பு வாளியைப் பிடுங்கி ஓங்கினாள். அவன் நின்றுவிட்டான்.

"குடு புள்ள. உங்கம்மாவைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்றேன்."

"வேலை கிடக்கட்டும். எங்க வீட்டுக்கு நடங்க, சின்ன முதலாளி!"

கரைவலை இழுத்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள். நனைந்த கோழிபோல் ரைசன் முன்னால் நடந்தான். செலீனாவுக்கு அந்தத் தெரு இன்னும் நீளமாக இருந்திருக்கலாமே என்று தோன்றியது. கோபம் அவளைக் கடலில் இறக்கியது உண்மைதான். ஆனால் மோதிரத்தைத் தந்தது, ஈயம் ஈயம் என்று வந்தும் அலுக்காமல் குத்திய கைகள்.

ரோணிக்கம் வாசலுக்கு வந்தாள்.

"நான்தான் கடல்ல தொலைச்சேன்க்கா. உங்க மேல தப்பில்ல" என்று முனகினான் ரைசன்.

"தெருவுக்குக் கேக்கல தம்பி" என்றாள் ரோணிக்கம்.

உரக்கச் சொன்னான். பிறகு மோதிரத்துக்காகக் கையை நீட்டினான்.

ரோணிக்கம் மகளிடமிருந்து மோதிரத்தை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"மெர்லினை வரச் சொல்லு. அவ கையிலதான் குடுப்பேன்."

ரைசனின் முகம் வெளுத்தது.

"போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் செலீனா, தலையிலிருந்து மணலைத் தட்டியபடி. "மெதுவாவே வாங்க. நாங்க எங்கயும் போக மாட்டோம்!"