வாளியில் நாற்பத்தொன்று

துளிமானியில் பச்சை விளக்கு எரிந்தது. "கூத்துத் தவளை, நாற்பத்தொன்று" என்றது கருவி.

தவளைக் கணக்கெடுக்கும் ஜெபசீலிக்குத் திக்கென்றது. அவள் ஓடையில் நிற்கவில்லை. வன விடுதியின் பின்கட்டில், குழாயில் பிடித்த வாளித் தண்ணீரில் வலையை அலசிக்கொண்டிருந்தாள். கைப்பழக்கத்தில் துளிமானியையும் வாளிக்குள் நனைத்துவிட்டாள். காலையில் மஞ்சக்கானல் ஓடையில் அதே கருவி முப்பத்தெட்டு என்றுதான் சொல்லியிருந்தது.

ஈரச் சட்டையோடு வந்த வனக்காவலர் செங்கோடன் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏனுங் மேடம், ஓடையவிட வாளியில மூணு சாஸ்திங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

துளிமானி வந்து இருபது வருடங்கள் ஆகிவிட்டன. ஓர் உயிர் நீரில் இறங்கினால் அதன் தோலும் சளியும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக அங்கே தங்கும். ஒரு சொட்டை எடுத்து அந்தத் துணுக்குகளைப் படித்து, எந்த உயிர், எத்தனை என்று கருவி சொல்லிவிடும். வீட்டுக் குழாயிலிருந்து ஆஸ்பத்திரித் தொட்டி வரை எல்லாரும் அதை நம்பினார்கள். சட்டமும் நம்பியது. பருவத்துக்கு ஒருமுறை ஓடையில் வலையை முக்கி, அதில் சொட்டும் நீரை அளந்து கணக்கு அனுப்ப வேண்டும். அரிய உயிரின் எண் பூஜ்யமானால் அந்தக் காட்டின் சட்டக் காப்பு தானாக விழுந்துவிடும்.

ஜெபசீலி விறுவிறுவென்று மறுபடி ஓடைக்கு நடந்தாள். சீல் பிரிக்காத புதுப் புட்டியில் நீர் பிடித்துக் கருவியை நனைத்தாள். பூஜ்யம். பத்தடி மேலே போய்ப் பிடித்தாள். பூஜ்யம். பிறகு வலையை நீரில் போட்டு எடுத்து, அதிலிருந்து சொட்டிய நீரைக் காட்டினாள். முப்பத்தாறு.

வலையின் முடிச்சுகளை விரலால் தடவினாள். அவளுக்கு முன் இருந்தவரும், அவருக்கும் முன் இருந்தவரும் பயன்படுத்திய வலை. எண்களை ஒப்பிட வசதியாக வலையை மாற்றக் கூடாது, மருந்து போட்டுக் கழுவக் கூடாது என்பது விதி. தவளைகள் மண்டிக் கிடந்த காலத்துச் சளி அந்த முடிச்சுகளில் காய்ந்து கிடந்து, ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது.

"செங்கோடண்ணா, நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"தவளையவுங்களா? கீழ தடுப்பணை கட்டறதுக்கு முந்தி. ஏழெட்டு வருசம் ஆச்சுங்க. தண்ணி எரைச்சல்ல சத்தம் கேக்காதுன்னு பின்னங்கால நீட்டி நீட்டிக் காட்டுமுங்க, நான் இங்கிருக்கேன்னு. அப்பறம் எங்க பாத்தேன், மெசினே சொல்லிப்போடுதே. நீங்க பாத்ததில்லீங்களா?"

"ஆறு வருஷமா எண்ணுறேன்ணா. ஒண்ணைக்கூடப் பார்த்ததில்ல."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. தடுப்பணையின் அனுமதியைப் புதுப்பித்த கோப்பில், 'தவளைகளுக்குப் பாதிப்பில்லை' என்பதற்குச் சான்றாக இணைத்திருந்தது இந்த வலையின் எண்ணைத்தான்.

மாலை ஐந்துக்குள் கணக்குப் போக வேண்டும். விடுதி வராந்தாவில் உட்கார முடியாமல் முன்னும் பின்னும் நடந்தபடியே கோவையிலிருந்த இயக்குநர் கோமளவல்லியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"வலையை ஏன் விட்ட ஜெபா? விதிப்படி வலையில எடுத்ததுதான் கணக்கு."

"அது பொய் மேடம்."

"அந்தப் பொய்யிலதான் காடு நிக்குது. பூஜ்யம்னு போட்டா முப்பது நாள்தான். யார் கையெழுத்தும் வேணாம், காப்பு தானா விழுந்துடும். கீழ காட்டைக் குத்தகைக்கு எடுக்கக் காத்துட்டிருக்காங்க. தவளையோட யானை, மரம் எல்லாம் போகும். தெரியும்ல?"

"தெரியும். ஆனா முப்பத்தெட்டுன்னு போட்டா, ஒருத்தரும் தேட மாட்டாங்களே மேடம். நானே ஆறு வருஷம் தேடலையே."

எதிர்முனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில் ஜெபசீலி பூஜ்யத்தை அழுத்தினாள்.

மறுநாள் விடியலில் தவளையைத் தேடி அவளும் செங்கோடனும் மலையேறினார்கள். கருவியில்லாமல் தேட அவளுக்குத் தெரியவில்லை. எந்தக் கல்லைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது? ஓரிடத்தில் நின்றால் அடுத்த கல்லில் இருக்குமோ என்று மனம் பறந்தது. "ஓடாதீங் மேடம், கண்ணு தண்ணிக்குப் பழகோணும்" என்பார் செங்கோடன். அட்டை கடித்த கால்கள் வீங்கின. ஒரு வாரம் போனது, இன்னொன்றும் போனது. தூக்கத்திலும் அவளுக்கு ஈரப் பாறைகளே வந்தன. காட்டைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டோமோ என்ற நினைப்பு கூடவே ஏறி வந்தது.

இருபத்து மூன்றாம் நாள் முற்பகல், ஓடை பிறக்கும் சரிவில் செங்கோடன் அவள் முழங்கையைத் தொட்டார்.

கட்டைவிரல் அளவுகூட இல்லை. பாறையின் பழுப்பிலேயே பாதி மறைந்திருந்தது. அது மெல்லப் பின்னங்காலைத் தூக்கி, விரல்களை விசிறிபோல் விரித்து, நீட்டி, மடக்கிக்கொண்டது. எதிர்க்கல்லில் பதில் காட்ட யாருமில்லை. சற்றுப் பொறுத்து மறுகாலை நீட்டியது.

ஜெபசீலி அழுதுகொண்டே புதுப் புட்டியில் அதன் காலடி நீரைப் பிடித்தாள். கருவி யோசித்தது. பூஜ்யம். ஓடும் நீரில் ஒற்றை உயிரின் துணுக்குகள் கருவிக்கு எட்டும் அளவுக்குத் தேறவில்லை. மறுபடி பிடித்தாள். பூஜ்யம்.

இயக்குநரை அழைத்தாள். "ஒண்ணு இருக்கு மேடம்."

"மானி என்ன சொல்லுது?"

"இல்லைங்குது. ஆனா நான் பார்த்துட்டிருக்கேன். ரெண்டு முழத் தூரத்துல உட்கார்ந்திருக்கு."

"படம் அனுப்புறேன்னு சொல்லாத. படத்தை யாரு இப்ப நம்புறா? நீ பார்க்குறதை நான் எங்க ஏத்துறதும்மா? படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லையே."

"தெரியல மேடம். நீங்க வந்து பாருங்க."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, முப்பது வருடமாகக் காட்டு உயிர்களைக் கணக்கில் ஏற்றிவந்த அந்த அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஜெபா, ரோடு முடியுற இடத்துலேருந்து எவ்வளவு தூரம் நடக்கணும்?"