ஆறு பேர் மட்டும்

கடலே இல்லாத மாவட்டத்தில் தீவுச் சுற்றுலா நடத்திய ஒரே ஆள் எங்கள் முதலாளி சரவணபவன்தான். ஒரே ஒரு முறை அந்தமானுக்குப் போய்வந்தார். அங்கே யாரோ நாலைந்து பேரைப் படகில் ஏற்றி, பறவையும் பழைய கல்கட்டடமும் காட்டி, பக்கத்திலேயே ஒரு ஆள் நின்று விளக்கம் சொல்லி அனுப்பினார்களாம். அது போதாதா? ஊருக்குத் திரும்பியதும் செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிய ஒரு சந்தில் அறை பிடித்துப் பலகை மாட்டிவிட்டார். 'மரகதத் தீவு. காட்டுயிர், தொன்மை, மௌனம். ஆறு பேர் மட்டும்.'

மரகதமாவது மண்ணாங்கட்டியாவது. செங்கத்துக்கு அந்தப் பக்கம், அணைத் தண்ணீருக்கு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு மேடு அது. சுற்றுவட்டாரத்தில் கல்லுத்திட்டு என்பார்கள். நாலு கருவேல மரம், நிறைய நாரை, மூன்று நடுகல். அவ்வளவுதான்.

அதற்கு வழிகாட்டியும் வேன் டிரைவரும் நான். பெயர் செழியன். வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை ஏற்றி இறக்கும் பிழைப்பு. வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் பெயரைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்வதுமில்லை. எதற்கு? நாளைக்கே வேறு ஆறு பேர் வரப்போகிறார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். போகும்போது ஆறு, வரும்போது ஆறு. மூன்று வருடத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை.

அன்றைக்குத் தீபம் முடிந்து பத்து நாள் இருக்கும். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. காலை பத்து மணிக்கு வேனில் ஏறியவர்களை ஒரு பார்வை பார்த்தேன். சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும். நான் எதைச் சொன்னாலும் அந்த மனிதர் 'அப்படியில்ல' என்று ஆரம்பிப்பார். பெங்களூரிலிருந்து மூன்று பையன்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை, அதுவும் கேமராவுக்குள் இருந்தது. ஆறாவது ஆள் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். வேங்கிக்காலில் வீடு, கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை என்றாள். உள்ளூர்க்காரி உள்ளூரைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறாளே என்று, இருந்த ஆறு பேரில் அவளைத்தான் ஜாஸ்தியாக இளக்காரமாக நினைத்தேன்.

படகை ஓட்டுவது மணியம்மாள். கரையில் மீன் பிடிக்கும் குடும்பம், நாற்பது வயது. ஏறும்போது அவள் எப்போதும் சொல்வதையே அன்றும் சொன்னாள்.

"திட்டுல இருந்து கெளம்பும்போது பொதுவா 'வாங்க'ன்னு கூப்பிடாதீங்க சார். அவங்கவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. எழவு வீட்ல 'போயிட்டு வரேன்'னு சொல்லுவோமா? அந்த மாதிரிதான் இதுவும். கேக்கறவங்கல்லாம் வந்துடுவாங்க."

"சரிம்மா, சரி," என்றேன். மூன்று வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இதுவரை மழையில்லாத நாளில் போனதால் கூப்பிடும் தேவையே வந்ததில்லை. எல்லாரும் என் பின்னாலேயே ஆட்டு மந்தையாக வருவார்கள்.

திட்டில் இறங்கியதும் மழைக் கோட்டு மூட்டையை மரத்தடியில் போட்டேன். எங்கள் கம்பெனி கோட்டு, எல்லாம் ஒரே மஞ்சள், தலையை மூடும் தொப்பியோடு. பிறகு வழக்கமான பாட்டைப் பாடினேன். முதல் கல்லில் வில்லோடு ஒருவன், நெஞ்சில் மூன்று அம்பு, காலடியில் பெயர். இரண்டாவதில் வாளோடு ஒருவன், அவனுக்கும் பெயர் உண்டு. மூன்றாவது வெறும் கல். உருவமும் இல்லை, எழுத்தும் இல்லை. செத்தது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

வேங்கிக்கால் பெண் அந்த மூன்றாவது கல்லின் முன்னால் குனிந்து பார்த்தாள்.

"ஒரு பேர்கூட வெட்டலையா சார்? பாவம்."

"பேர் இருந்திருந்தா மட்டும் என்னத்தக் கிழிச்சிருக்கப் போவுது," என்றேன். பெங்களூர்ப் பையன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நாரைக்கூடு பார்க்கிறேன் என்று மறுபக்கம் இறங்கிப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மணியம்மாள் கரையோரத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்திருந்தாள். அது மூழ்கிவிட்டது.

"கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணி தொறந்துட்டாங்க சார். இன்னிக்கு ராத்திரி திட்டே இருக்காது. சீக்கிரம் கூப்பிடுங்க. பேர் சொல்லி."

பேர் என்றால் எந்தப் பேர்? பட்டியல் வேனில் கிடந்தது. அதிகாரியின் பெயர் என்ன, அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுவர அலுப்பாக இருந்தது. வாயில் கைவைத்துக் கத்தினேன்.

"எல்லாரும் வாங்க. போலாம்."

மணியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினாள்.

மஞ்சள் கோட்டுகள் ஒவ்வொன்றாக மழைக்குள்ளிருந்து வந்து ஏறின. முதுகுகளை எண்ணினேன்.

ஆறு.

வேன் செங்கத்தைத் தாண்டும்போதுதான் அந்த வாடை வந்தது. ஏரி வற்றினால் அடிச்சேற்றிலிருந்து கிளம்புமே, அந்த வாடை. கண்ணாடியை இறக்கினாலும் போகவில்லை. அதிகாரியின் மனைவி முன்சீட்டுக்குக் குனிந்து என் காதருகில் பேசினார்.

"தம்பி, பின்னாடி இருக்கற பொண்ணு கோட்டைக் கழட்டவே இல்ல. பேசிப் பாத்தேன். வாயே தொறக்கல."

"குளிருதோ என்னவோ, விடுங்கம்மா."

"எனக்கென்னமோ அது மூச்சு விடற மாதிரியே தெரியல."

கிழவிக்கு மழையில் மண்டை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். கடைசி சீட்டில் மஞ்சள் கோட்டு நேராக உட்கார்ந்திருந்தது. தொப்பிக்குள் இருட்டாக இருந்தது. வேன் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் அது ஆடவில்லை.

நாலேகாலுக்கு ஆசிரமத்துப் பக்கம் வந்து அலுவலகச் சந்தில் வேன் நின்றது. அப்போது என் போன் அடித்தது. தெரியாத எண். மழைச் சத்தத்துக்குள் ஒரு பெண் குரல், மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி.

"சார், நான் திட்டுல இருக்கேன்."

"யாரும்மா?"

"உங்க கூட வந்தவதான் சார். நாரைக் கூட்டுக்கிட்ட இருந்தேன். நீங்க கூப்பிட்டீங்க, ஓடி வந்தேன். நீங்க படகுல ஏறிட்டீங்க. ஆனா ஆறு பேர் இருந்தாங்க சார். நானும் எண்ணிப் பாத்தேன். அதைப் பாத்ததும் எனக்குக் குரலே வரல. இப்பத்தான் போன்ல ஒரு கோடு டவர் வந்துச்சு, டிக்கெட்டுல இருந்த நம்பருக்கு அடிக்கறேன். தண்ணி கல்லு வரைக்கும் ஏறிடுச்சு. எனக்கு நீச்சல் தெரியாது."

நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

கடைசி சீட்டில் ஆள் இருந்தது.

"உம் பேர் என்னம்மா?"

"ஓவியா," என்றாள். போன் அடங்கிவிட்டது.

அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் வண்டியைத் திருப்பியிருப்பான். நான் என்ன செய்தேன்? எனக்கு ஒரு நப்பாசை. யாரோ விளையாடுகிறார்கள், இந்தக் கோட்டுக்குள் இருப்பது அந்தப் பெண்தான், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், என் எண்ணிக்கை சரியாகிவிடும். மூன்று வருடத்துக் கணக்கு எனக்கு அவ்வளவு பெரிசு. பட்டியலைக் கையில் எடுத்து வரிசையாக வாசித்தேன். சாம்பமூர்த்தி என்றேன், அதிகாரி கை தூக்கினார். மங்களாம்பிகை என்றேன், அந்த அம்மாள் தலையாட்டினார். பையன்கள் மூன்று பேரும் பதில் சொன்னார்கள். கடைசிப் பெயரையும் சொன்னேன்.

"ஓவியா."

முதலில் பின்னாலிருந்து, புதிதாகக் கிடைத்ததை வாயில் போட்டு ருசி பார்ப்பது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

பிறகு, போனில் கேட்ட அதே குரல்.

"இருக்கேன்."

அது எழுந்தது. எங்களைக் கடந்து படியிறங்கியது. போன இடமெல்லாம் சேறு. சாலையோரம் நின்று, "போயிட்டு வரேன்," என்றது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மங்களாம்பிகை அம்மாள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாரையும் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினேன். மணியம்மாளின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. முதலாளிக்கு அடித்தேன். "ஆறு பேர் இறங்கிட்டாங்கல்ல, அப்புறம் என்னய்யா?" என்றார் அந்த மகானுபாவர். தீயணைப்புக்கு அடித்து மரகதத் தீவு என்று சொன்னேன். அப்படி ஒரு இடமே கிடையாதே என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கல்லுத்திட்டு என்றதும்தான் புரிந்தது, புறப்பட்டார்கள். அதுவரை அந்தப் பெண் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். அந்த முப்பத்தைந்து கிலோமீட்டரும் என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

கரையில் மணியம்மாள் மட்டும் நின்றிருந்தாள். தீயணைப்பு வண்டி இன்னும் வந்து சேரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டாள்.

"யாரை உட்டுட்டு வந்தீங்க?"

சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். போகும்போது இருந்ததவிட படகு கனமா இருந்துச்சு. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு பாக்காம உட்டுட்டேன்."

இரண்டு பேரும் படகை எடுத்துக்கொண்டு போனபோது வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. திட்டு இருந்த இடத்தில் மரத்தலைகள் மட்டும் தெரிந்தன. நாரைகள் ஒன்றுகூட இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, "இப்பவாவது பேர் சொல்லிக் கூப்பிடுங்க," என்றாள் மணியம்மாள்.

"ஓவியா," என்று கூப்பிட்டேன்.



இரண்டு முறை, மூன்று முறை, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். தண்ணீர் மரங்களில் மோதும் சத்தம்தான் கேட்டது. கடைசியில் மணியம்மாள்தான் டார்ச்சில் கண்டுபிடித்தாள். பெயரில்லாத அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று, கருவேலங்கிளையைக் கட்டிப் பிடித்திருந்தாள். இடுப்புவரை தண்ணீர். எங்களுக்கும் அவளுக்கும் இருபது அடிகூட இல்லை.

"கூப்பிட்டது கேக்கலையா?" என்றேன், படகில் இழுத்துப் போட்டதும்.

"கேட்டுது சார்," என்றாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருந்துச்சு."

உயிரோடு இருக்கிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேனில் முன்சீட்டில் உட்கார வைத்துப் போர்வையைச் சுற்றினேன். செங்கத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்ததும் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

"அம்மா பயந்துட்டிருப்பாங்க சார். ஒரு போன் போட்டுக் குடுங்க."

எண்ணைச் சொன்னாள். அவள் அம்மா பெயர் எழிலரசி என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"அம்மா, நான் டூர் கம்பெனியிலிருந்து செழியன் பேசறேன். பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க..."

"எதுக்குங்க பயப்படணும்? அவ அஞ்சு மணிக்கெல்லாம் வந்துட்டாளே," என்றார் அந்த அம்மாள். "நல்லா நனைஞ்சிருக்கா. ஒரே சேத்து வாடை. குளிடின்னா கேக்கல, பசிக்குதுன்னு உக்காந்து தின்னுட்டே இருக்கா. மூணாவது தட்டு போட்டுருக்கேன்."

என் பக்கத்திலிருந்தவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, நான்தாம்மா. நான் ஓவியா பேசறேன்."



"யாரும்மா நீ?" என்றார் அம்மாள். மரியாதையாகத்தான் கேட்டார், கதவைத் தட்டிய ஆளைக் கேட்பது போல. பிறகு வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஓவியா, யாரோ உன் பேரைச் சொல்லிப் பேசறாங்கடி. வந்து என்னன்னு கேளு."

தட்டு நகரும் சத்தம் கேட்டது.

"வரேம்மா."

ஈரக்கால்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்து, போனை நோக்கி நடந்து வந்தன. நான் போனை அணைத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று திரும்பினேன். அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.