தம்பி நக்கிய புற்றுமண்

அபிதா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பள்ளியில் கொடுத்த காகித நுண்ணோக்கியில் கைப்பேசியை ஒட்டிப் பார்த்தால், மண் கலந்த ஒரு சொட்டுத் தண்ணீரில் பொடிப்பொடியாக என்னவோ துடித்துக்கொண்டிருந்தது!

அது கோமதி அம்மன் கோவில் புற்றுமண். தம்பி மாரிக்கண்ணனுக்கு வேர்க்குரு என்று, அம்மாவிடம் கேட்காமல் அவள்தான் காலையில் குழைத்துப் பூசினாள். இரண்டு வயது வாண்டு சும்மா இருக்குமா? கையை நக்கிவிட்டது.

“ஏட்டி, ஏன் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?” அம்மா கனகலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லம்மா.”

தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். இதெல்லாம் தம்பி வயிற்றுக்குள்ளும் துடிக்குமோ? அவன் சிரித்தால்கூடப் பயமாக இருந்தது.

அடுப்பில் குடிதண்ணீர் கொதித்தது. கொதித்தால் கிருமி சாகும் என்று அம்மா சொல்வாளே!

“அம்மா, இந்த மண் தண்ணியையும் நல்லாக் கொதிக்க வச்சுத் தாயேன். ஸ்கூல் வேலை.”

ஆறியதும் பார்த்தாள். அப்போதும் துடித்தது!

“ஐயோ, இது சாகவே சாகாதா?” அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உயிருள்ளது எப்படித்தான் அசையும்? பூந்தொட்டித் தட்டில் தேங்கிய பச்சைத் தண்ணீரை எடுத்துப் பார்த்தாள். ஒரு பூச்சி விர்ரென்று ஓடியது. கைப்பேசித் திரைமேல் மெல்லிய தாளை வைத்து, அது போகப் போகப் புள்ளி வைத்தாள். புள்ளிகள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போயின. அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தபின் எதுவும் ஓடவில்லை. தூசி மட்டும் துடித்தது.

புற்றுமண்ணுக்கும் அப்படியே புள்ளி வைத்தாள். கொதிக்கும் முன்னும் சரி, பின்னும் சரி, புள்ளிகள் ஒரே இடத்தில் மொய்த்துக் கிடந்தன.

தண்ணீரின் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கும் என்று எஸ்லின் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியானால் இது பூச்சி இல்லை, வெறும் தூசி! தண்ணீர்தான் இடித்து இடித்து ஆட்டுகிறது. அப்பாடா!

ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

“கேக்காமப் பூசுனது தப்புதாம்மா.”

“மண்ணத் திங்க விட்டியாட்டி?” அம்மா தம்பியின் கையை நன்றாகக் கழுவிவிட்டு, வந்து கைப்பேசித் திரையைப் பார்த்தாள்.

“எம்மா! எல்லாம் அசையுதே! புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கு!”

“வெறும் தூசிம்மா. இந்தப் புள்ளியெல்லாம் பாரு, எங்கயும் போகல. நான் இருக்கேன்லா, பயப்படாத” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் அபிதா.